தண்ணீர் குடிக்கப் பயந்த மகள்

நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். முதலாம் ஆண்டு படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி சிறுநீர் போய்க் கவுனை நனைத்துவிடுவாள். திடீரென்று அது நின்றது. சரியாகிவிட்டதென்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"சிறுநீர்ல கிருமி. பிள்ளை தண்ணி குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

மறுநாள் கண் விழித்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா ஸ்கூல்ல நனைஞ்சிரும்மா. எல்லாரும் சிரிப்பாங்க."

இப்போது அவள் பையில் மாற்றுடுப்பு வைக்கிறேன். "கேட்டவுடனே வெளிய விடுங்க டீச்சர்" என்று சொல்லியிருக்கிறேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளுடைய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்க்கிறேன். அது காலியாக இருந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.