எதிர்ப்பக்கம் சுற்றிய நத்தை

தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை அவளுக்கு. வீட்டு வாசல்களில் தரையோடு பதிந்திருக்கும் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, குழிக்குள் குனிந்து எண்ணைக் குறிக்க வேண்டும். அதனால் அவள் எல்லோருக்கும் ‘மூடியக்கா’.

குழிக்குள் தவளை, பூரான், மரவட்டை என்று தனிக் குடித்தனமே நடக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவளுக்கோ எழுந்திருக்கவே மனசு வராது. எந்த வீட்டுக் குழியில் யார் குடியிருக்கிறார்கள் என்று நோட்டின் பின்பக்கங்களில் எழுதிவைப்பாள்.

ஒரு மழைக்காலக் காலையில், மீட்டர் கண்ணாடிமேல் பயறளவு நத்தை ஒன்று ஒட்டியிருந்தது. கீழே முள் ஒரு பக்கம் சுற்ற, அதன் ஓடு எதிர்ப்பக்கம் சுருண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த நத்தை எதுவும் அப்படியில்லை.

தையற்கடை வைத்திருந்த கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கடைக்கு வரச் சொல்லு, பொத்தானை மறுபக்கம் மாத்தி வெச்சுத் தர்றேன்.”

இரண்டு வருஷம் தேடினாள். பிறகு ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள். நத்தைகளுக்கான அதிகாரி ஒரு பார்வையோடு திருப்பித் தந்தார்.

“பிறவிக் கோளாறும்மா. லட்சத்துல ஒண்ணு இப்படிப் பிறக்கும்.”

“அப்போ எங்க ஏரியாவுல இருபத்தேழு லட்சம் நத்தை இருக்கணுமே சார்.”

அவர் நிமிர்ந்தார். “இருபத்தேழா பார்த்தீங்க?”

நோட்டை நீட்டினாள். பக்கம் பக்கமாகப் புரட்டியவர், பிறகுதான் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

மறுநாள் காலை அவளோடு தெருத்தெருவாக நடந்தார். முதல் குழியருகே லென்ஸோடு குப்புறப் படுத்துவிட்டார். வீட்டுக்காரம்மா பதறி ஓடி வந்தாள்.

“பைப்பை அடைக்கவா அக்கா ஆள் கூட்டிட்டு வந்தீங்க?”

“இல்லம்மா, உங்க வீட்டு விருந்தாளியப் பார்க்க வந்திருக்கார்.”

மதியத்துக்குள் ஒன்பது நத்தைகள். சட்டையெல்லாம் சேறாக எழுந்த அதிகாரி சொன்னார்: “புதுசா ஒரு நத்தை கிடைக்குமான்னு மலை மலையா ஏறித் தேடினேன். இது என் ஆபீஸுக்குப் பின்தெருவுல இருந்திருக்கு!”

எட்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்ததில், இதுவரை எவரும் எழுதிவைக்காத இனம் என்று உறுதியானது. அவள் பெயரையே வைக்கலாமா என்று கேட்டார்.

“வேணாம் சார். ஆபீஸ்லயே என் பேரைத் தப்பாத்தான் எழுதுறாங்க, பாவம் நத்தை.”

‘மூடிக்குள் வாழ்வது’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். முதலில் கண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர், பிழையில்லாமல், ஆய்விதழ் ஒன்றில் அச்சாகி வந்தது.

அந்தப் பக்கத்தைக் கணவர் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். அளவு கொடுக்க வருகிறவர்களை நிறுத்திவைத்து வாசித்துக் காட்டுவார். ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. உள்ளே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அவள், அவர் தடுக்கி நிற்கும் இடங்களில் மட்டும் எடுத்துக்கொடுப்பாள்.