வகுப்பே அனுப்பிய திருத்தம்

கல்லூரியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சாரல் விழுந்தது. மினிபஸ் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. ஏறினால் நான் சொல்லிக் கொடுத்த வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். கை காட்டவில்லை.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூர், கோழிக்கோடு, ஓசூர் என்று கிடைத்த வேலையைப் பார்த்தேன். இடம் இல்லாதபோது பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். ஓசூரில் ஒரு பழைய லேப்டாப் கைக்கு வந்த பிறகு ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்றின் வேலைக்குள் நுழைந்தேன். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். தவறு கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். பழையவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். சம்பளம் கிடையாது. என்ன படித்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. சில வருஷங்களில், புதியவர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். என் சொல்லை நம்பினார்கள். வேறு சொத்து எனக்கு இல்லை.

பள்ளியில் என்னோடு படித்தவன் இங்கே விரிவுரையாளர். "எங்க பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுலே" என்று கூப்பிட்டான். சனிக்கிழமைதோறும் போனேன். நல்ல பிள்ளைகள், பொறுமையாகப் பாருங்கள் என்று டேட்டாபேஸ் குழுவுக்கு நானே எழுதினேன். வடகரையிலிருந்து வரும் ஒரு பெண், அந்த டேட்டாபேஸின் கையேட்டில் ஓர் உதாரணம் ஓடாததைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாள்.

அதைக் குழுவினர் பார்த்து முடிப்பதற்குள் அதே திருத்தம், எழுத்து மாறாமல், வகுப்பில் எல்லோர் பெயரிலும் போய்விட்டது. ஒருவர் எழுதிய ரெக்கார்டு நோட்டை வகுப்பே பார்த்து எழுதுமே, அப்படி. போலிக் கணக்குகள் என்று நினைத்து அத்தனையையும் நிராகரித்தார்கள், அந்தப் பெண்ணுடையதையும் சேர்த்து. என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

ஸ்டாஃப் ரூமில் என் பள்ளித் தோழனிடம் கேட்டேன்.

"நாந்தான் சொன்னேன். ஆளுக்கு ஒண்ணு அனுப்புனாத்தான இன்டர்னல் மார்க் போட முடியும்? நீ ரெக்கார்டு பாத்து எழுதலையாலே?"

"அப்ப நீ சொன்னதுன்னு அவங்களுக்கு எழுது. பிள்ளைகள விட்டுருவாங்க."

"என் பேர எதுக்கு இழுக்கே? எனக்கு இங்கன வேலை இருக்கு. உனக்கென்ன, நாளைக்கு வேற ஊரு."

அந்நேரம் துறைத்தலைவர் உள்ளே வந்தார். "சார், இவர் சொல்லிக் குடுத்த மாதிரிதான் பிள்ளைக அனுப்பியிருக்கு" என்றான் அவன். அதுவரை எனக்கு 'லே' போட்டவன், இப்போது 'இவர்' என்றான். இனி வர வேண்டாம் என்றார் துறைத்தலைவர்.

குற்றாலம் வந்து ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கிக் கைபேசியைப் பார்த்தேன். சரிபார்க்கும் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டதாகக் குழுவிலிருந்து மரியாதையாக எழுதியிருந்தார்கள். "அண்ணா, என்னோடதும் போச்சா?" என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

"உன்னோடது சரியாத்தான் இருந்துச்சு. நீயே அவங்களுக்கு எழுது, விட்டுராத. நான் சொன்னா இனி எடுபடாது" என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலை அருவிக்குப் போகும் வழியில் ஒரு சிப்ஸ் கடையில் வேலை கேட்டேன்.

"ஒன்னயத் தெரிஞ்சவங்க இங்கன யாரும் உண்டா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி."

அவர் ஒரு நேந்திரங்காய்க் குலையையும் கத்தியையும் என் பக்கம் தள்ளினார். சீசன் முடியும்வரை தோல் உரிக்கும் வேலை.