போர்மேனுக்காக

எங்கள் பட்டாசு ஆலையின் போர்மேன் தன் மகளின் பிரசவத்துக்காகக் கோவில்பட்டிக்குப் போன அன்று காலை, மேனேஜர் என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் அந்தக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் திரி சொருகிக்கொண்டிருந்தவள். பன்னிரண்டாவது வரை படித்திருந்தேன், கையெழுத்து திருத்தமாக இருக்கும். அவ்வளவுதான் என் தகுதி.

"அக்கா, அவர் வர்ற வரைக்கும் நீங்கதான் இன்சார்ஜ்" என்றார்.

"இன்சார்ஜ்னா நான் என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பாத்துக்கிட்டாப் போதும். சாயந்திரம் நோட்டுல ஒரு கையெழுத்து."

எந்த ரூமில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்பது அந்த நோட்டில் இருக்கும். அதன் அடியில் 'போர்மேனுக்காக' என்று எழுதி என் பெயரைப் போடச் சொன்னார். என் மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் 'தலைமை ஆசிரியர் (பொறுப்பு)' என்று முத்திரை இருக்கும். தாலுகா ஆபீசிலும் அப்படி ஒரு பலகையைப் பார்த்திருக்கிறேன். நிஜ அதிகாரி வரும்வரை நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக உட்காரவைத்த ஆள் என்றுதான் அந்த அடைப்புக்குறியை நான் புரிந்துவைத்திருந்தேன். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். போர்மேனாக இருக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும், அது என்னிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

"என்ன போர்மேனம்மா, தண்ணி குடிக்கப் போகலாமா?" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் கொலுசோடு வந்த ஒரு மதினியை, உரசினால் தீப்பொறி வரும், அதைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வாசலில் நிறுத்தினேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் கழற்றினாள். என் சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வெடிமருந்து கலக்கும் அண்ணன் என் ரூமுக்கு வெளியே வந்து நின்றார். தாயில்பட்டிக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளும் என்று கலவை வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுக் குளித்துக் கிளம்பிவிடுகிற மனிதர் அந்த நேரத்தில் நின்றதே எனக்கு என்னவோபோல் இருந்தது.

"மேனேஜரு இன்னொரு கலவை போடச் சொல்லுறாக தாயி. ஆர்டரு நிக்குதாம், நாளைக்கு லோடு போகணுமாம்."

"இந்த வெயில்லயாண்ணே?"

"அதான் ஒங்கிட்ட கேக்க வந்தேன். நீதான இப்பம் பொறுப்பு. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் வீட்டுக்குப் போயிருதேன்."

ஆபீஸ் வராந்தாவில் மேனேஜர் போனில் பேசியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீசன் நேரம். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வாரம் எனக்கு வேலை இருக்குமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"மேனேஜர் சொன்னாகன்னா சரிதாம்ணே" என்றேன்.

அவர் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கலவை ரூமைப் பார்த்து நடந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. காது அடைத்துப்போனது. எல்லாரும் ஓடினோம். முள்வேலி ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது அந்த ரூமுக்கு மேலே கூரை இல்லை. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து அவர் தானாகவே நடந்து வந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி வந்து, மண்ணில் உட்கார்ந்தார்.

அன்று சாயந்திரம் முதலாளியின் போன் அணைந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "சம்பவம் நடந்தப்ப யாரு பொறுப்பு?" என்று கேட்டார். மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டி, "இந்த அம்மாதான் இன்சார்ஜ் சார்" என்றார்.

"நான் சும்மா பாத்துக்கிட்டேன் சார். போர்மேனுக்காகன்னுதான் எழுதியிருக்கேன்."

"யாருக்காகப் போட்டாலும் கையெழுத்து உங்களோடதுதானம்மா?"

கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரரோடு அனுப்பினார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'பொறுப்பில் இருந்த பெண்ணிடம் விசாரணை' என்று வந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டு, தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

ஐந்து நாள் கழித்து அந்த அண்ணன் வாய் திறந்து, எழுதிக்கொள்ள வந்த அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தார். மேனேஜர் சொல்லித்தான் கலக்கினேன், பொறுப்பில் இருந்த பிள்ளை கலக்கச் சொல்லவில்லை என்று. மேனேஜரைக் கைது செய்தார்கள். நான் சாட்சியானேன். தெருவில் எல்லாரும் நிம்மதி என்றார்கள்.

தீக்காய வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே நின்றேன்.

"நீங்க எங்கிட்ட கேட்டத ஏம்ணே சொல்லல?"

"எழுதுனவரு கேக்கல தாயி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய மனைவி வார்டு வாசலில் கஞ்சி வாங்க நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் வந்து கேட்டதையும், நான் மழுப்பியதையும். அவள் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா அவுக வீட்டுக்கு வந்திருப்பாக" என்றாள். கத்தவில்லை. "கோர்ட்டுல கேட்டா இதையும் சொல்லு."

போன மாதம் கேட்டார்கள். நான் சொன்னேன். மேனேஜரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா அன்னைக்கு நீங்கதான் பொறுப்பு, இல்லையா?"

"நானும் பொறுப்புத்தான் சார். சொன்னது அவரு. தடுக்காதது நான்."

வழக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வராந்தாவில் அந்த அண்ணனும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டிப்போன விரல்களால் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை வைத்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, சுவரோரம் நின்றேன். அவர்கள் பஸ்ஸுக்கு எழுந்து போகும்வரை அங்கேயே நின்றேன்.