வேறு கிளைகள் கிடையாது

காலை நீட்டிப் படுத்தால் பாதம் தெருவில் கிடக்கும், சாவிக்காரரின் கடை அவ்வளவுதான். ஆனால் தலைக்கு மேலே தொங்கிய போர்டுக்கு அந்த அடக்கம் கிடையாது. ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியது. பதினான்கு வருஷத்தில் ஒரு போலிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாவி வெட்டும் எந்திரம் சுற்றும்போது பித்தளைத் தூள் பறந்து புருவத்தில் படியும். வெயிலில் மனிதர் மின்னுவார். அந்த மினுக்கு போதாது என்று அவர் மண்டையில் ஏற்றியது மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், மூன்று கடை. வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் வாட்சைப் பார்ப்பான். “நம்ம கிளைங்களுக்கு ஒரு ரவுண்டு போகணும் மாமா” என்று எழுந்துவிடுவான்.

சாவிக்காரருக்குக் கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. ரவுண்டு போக வழியே இல்லை. எதற்காக இன்னொரு கடை என்று கேட்டவர்களிடம் பிள்ளைகளின் எதிர்காலம், தொழில் வளர்ச்சி என்றெல்லாம் அடுக்கினார். உண்மையில் வாட்சைப் பார்த்துவிட்டு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“பஸ் நிலையத்துகிட்ட ஒரு இடம் பாத்துட்டேன். நீதான் உக்காரணும்” என்றார் மனைவியிடம்.

அவள் பன்னிரண்டு வருஷமாகத் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்து, அவர் வெட்டிய சாவிகளை அரத்தால் ராவித் தருவாள். பூட்டோடு முறைத்துக்கொண்டு நின்ற சாவியெல்லாம் அவள் கை பட்டால் வழிக்கு வந்துவிடும். இதை அவர் வெளியே மூச்சு விட்டதில்லை.

“மூணு மாசம் பாப்பேன். கடை நிக்கலைன்னா திரும்பக் காலர் தைக்கப் போயிடுவேன். அப்புறம் கிளை கிளைன்னு என் உயிரை வாங்கக் கூடாது.”

“மூணு மாசம் எதுக்கு? மூணே வாரம்!”

அதே பெயர், அதே சிவப்பு எழுத்து. கடை திறந்தாயிற்று. அவள் ஈ ஓட்டினாள். மூன்றாவது வாரம், நெடுநாள் வாடிக்கையாளரான லாட்ஜ் மேனேஜர் மூச்சிரைக்கப் பழைய கடைக்கு ஓடி வந்தார்.

“அண்ணே, உங்க பேரைத் திருடிட்டாங்க! பஸ் நிலையத்துகிட்ட ஒரு பொம்பளை கூசாம கடை போட்டிருக்கு. ‘எங்க அண்ணனுக்கு வேற கிளையே கிடையாது, போர்டுலயே போட்டிருக்கு’ன்னு நல்லா கேட்டுட்டு வந்தேன்.”

“யோவ், அது என் வீட்டுக்காரிய்யா!”

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பயந்துக்கிட்டு மழுப்பாதீங்கண்ணே. போலீஸ்ல சொல்லிடலாம்.”

பழைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் அப்படியே. வீட்டுச் சாவியைப் போலியிடம் யார் நீட்டுவார்கள்?

“அந்தப் போர்டைக் கழட்டித் தொலைங்களேன்” என்றாள் மனைவி.

ஸ்டூலில் ஏறி இரண்டு திருகாணியைக் கழற்றினார். மனசு வரவில்லை, திரும்ப மாட்டினார். அதற்குப் பதிலாக, ‘எங்களுக்கு’ என்பதை அடுத்து, ‘ஒன்றைத் தவிர’ என்று பேனாவால் பொடியாக எழுதினார். தெருவிலிருந்து அதைப் படிக்க மைத்துனன் கடைக் கண்ணாடி வேண்டும்.

மூன்றாம் மாசம் முடியப் பத்து நாள் இருக்கையில், பதறிப்போய்க் கிளைக்குப் போனார். சிவப்பு போர்டைக் காணோம். பச்சை எழுத்தில் அவள் பெயர். கீழே: ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.’ உள்ளே நாலு பேர் காத்து நின்றார்கள். முன்னால் லாட்ஜ் மேனேஜர், கைநிறையச் சாவிக்கொத்தோடு.

“அண்ணே, அந்தம்மா திருந்திடுச்சு!” என்றார் ரகசியமாக. “இப்ப சொந்தப் பேர்ல பொழைக்குது. உங்களைவிட வேலை சுத்தம், தப்பா நினைக்காதீங்க.”

மூன்று மாசம் கழிந்தது. காலர் தைக்க அவள் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பழைய கடையில் சாவி ராவிக்கொண்டிருக்கையில் மைத்துனன் வந்து, “கிளை எப்படிப் போகுது மாமா?” என்றான்.

“ஓகோன்னு போகுது மாப்ள. என்னுதுதான் இல்ல.”

அவன் போனதும் சாவிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “ஏம்மா, என் கடையை உன் கிளையா வச்சுக்கறியா?”

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். நிதானமாக வாட்சைப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலையில நம்ம கிளைக்கு ஒரு ரவுண்டு வரேன். அதுக்குள்ள அந்தப் போர்டு கீழ இறங்கியிருக்கணும்.”

அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தார்.