கைக்கு எட்டாதவர்

அவளுக்கு வாயில் பேச்சு வருவதற்கு முன்பே கையில் வந்துவிட்டது. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுச் சொந்தக்காரர், டாக்டர், கடைக்காரர் என்று யார் எது சொன்னாலும் அதை அம்மாவின் கண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சின்ன வயதிலிருந்தே மகளின் பொறுப்பு. வளர்ந்ததும் அதுவே உத்தியோகமாகிவிட்டது. கோர்ட்டோ ஆஸ்பத்திரியோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஓரமாக நின்று, பேசுகிறவர் பேச்சைச் சைகையில் சொல்வாள். ஒரு சொல்லைக்கூட விழுங்கமாட்டாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். வீடு திரும்பும்போது கை ஓய்ந்துபோயிருக்கும். அம்மா எதைக் கேட்டாலும் தலையாட்டலோடு சரி.

ஒரு சாயங்காலம் நூலக மாடியில் கூட்டம். ‘மனிதனால் கடவுளை அறிய முடியுமா?’ என்பது தலைப்பு. பேச வந்தவர்கள் ஒரு இமாம், ஒரு யூத குரு, ஒரு பாதிரியார். காது கேளாதவர்களுக்கு முன்வரிசையை ஒதுக்கியிருந்தார்கள். அம்மாவும் இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாக்கியத்திலேயே சிக்கல். கடவுள் என்பதற்கு, சைகையில் சொல்ல ஓரமாக நின்றிருந்த மகள் விரலை மேலே நீட்டினாள்.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றார் இமாம். “இறைவன் மேல எங்கேயோ உட்கார்ந்திருக்கிற மாதிரி காட்டாதீங்க. அவன் ஒரு இடத்துக்குள்ள அடங்கறவன் இல்லை.”

சரியென்று இரண்டு கைகளாலும் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

“உருவம் வேண்டாமே,” என்றார் யூத குரு. “அவர் இன்னது இல்லைன்னு சொல்லலாம். இன்னதுன்னு சொல்ல முடியாது.”

பாதிரியார்தான் தாராளம். “எனக்கு ஆட்சேபணையே இல்லை. அவரே மனுஷனா வந்து தன்னைக் காட்டினாரே! ஆனா, முழுசா அறிஞ்சுட்டோம்னு மட்டும் காட்டிடாதீங்க.”

கடைசியில் மூவரும் கூடிப் பேசி, அந்தச் சொல் வரும் இடத்தில் அவள் கையை அசைக்காமல் நிற்பது என்று முடிவானது. மூன்று மதமும் அன்று ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அறிய முடியாதவரைப் பற்றி மூவரும் தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினார்கள். வாக்கியத்துக்கு ஒரு தரம் அவள் கை நின்றது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கையால் கேட்டாள்: “என்னடி, பாதி பாதியா முழுங்கறே? யாரைப் பத்திப் பேசறாங்க?”

“அப்புறம் சொல்றேம்மா.”

“பேரையே எடுக்க மாட்டேங்கறாங்க. அவரோட ஏதாவது சண்டையா?”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரைப் பற்றி என்று ஒருவழியாகப் புரியவைத்தாள்.

கேள்வி நேரம் வந்ததும் அம்மாதான் முதலில் எழுந்தாள். அவள் சைகையை மகள் வாய்விட்டுச் சொன்னாள்: “அவருக்குக் கைப்பேச்சு தெரியுமான்னு கேக்கறாங்க.”

“தெரியும்!” என்றார்கள் மூவரும் ஒரே குரலில். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரைப் பற்றித் திட்டமாக எதுவும் சொல்வதற்கில்லை என்று அதுவரை தொண்டை வறள வாதாடியவர்களுக்கு, இந்த ஒன்றில் மட்டும் எள்ளளவும் சந்தேகமில்லை. நல்ல கைதட்டல். அம்மா திருப்தியாக உட்கார்ந்தாள்.

மறுநாள் மாலை மகள் வேலையிலிருந்து வந்தபோது, அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் நின்றிருந்தாள். எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் அவள் கைகள் தெரிந்தன.

“உனக்கு இது புரியும்னு நேத்துதான் சொன்னாங்க. இத்தனை வருஷமா உன்னைக் கும்பிடறப்போ எல்லாரையும் பாத்து நானும் சும்மா வாயை அசைச்சுக்கிட்டிருந்தேன், மன்னிச்சுக்க. என் பொண்ணு ஊருக்கெல்லாம் கை வலிக்கப் பேசறா. எங்கிட்ட தலையை மட்டும் ஆட்டறா. அவ மனசுல என்ன இருக்குன்னே தெரியல. உனக்குத் தெரிஞ்சா நீயாவது சொல்லேன்.”

அடுத்தவர் பிரார்த்தனையைப் பார்க்கக் கூடாதென்றால் அவள் கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட விளக்கு சுவிட்சை இரண்டு தரம் போட்டு அணைத்தாள். அம்மா திரும்பினாள்.

“எப்ப வந்தே?”

“இப்பத்தாம்மா,” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

பையைக்கூட இறக்கிவைக்காமல் அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். கோர்ட்டில் வக்கீல் கொட்டாவி விட்டதில் ஆரம்பித்தாள். கூட வேலை செய்கிறவள் மேல் இருந்த பொறாமை, இடது தோள்வலி, வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனை என்று ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்து மடியில் அமர்த்திவிட்டு, தன் கையை எடுத்துச் சொன்னாள்: “போதும்டி, கண்ணு வலிக்குது. மிச்சத்தை நாளைக்குச் சொல்லு.”