காலியாக இருந்த குப்பைக்கூடை

ஜேனிஸ் ஓட்லி எங்கள் ஆக்ஸ்போர்டு கல்லூரிக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கிரிம்ஸ்பி ஊர்க்காரி. அம்மா அங்கே மீன் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறவர், வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் பெரில், அவள் இருந்த மாடியின் அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவள். பதினேழு வருஷமாக அதே படிகளில் முழங்கால் தேய்ந்தவள்.

பண்டைய வரலாறு, நவீன வரலாறு இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பட்டம் அவளுடையது. அந்த வருஷம் கல்லூரியில் அதற்கு அவள் ஒருத்திதான். மேசையின் இடப்பக்கம் ஏதென்ஸ், வலப்பக்கம் நூற்பாலை வேலைநிறுத்தம். ஒரு பருவம் கிரேக்க வரலாற்று ஆசிரியர் கிரவுதரிடம், அடுத்த பருவம் நவீன வரலாற்று ஆசிரியர் லைலிடம். வாரம் ஒரு கட்டுரை எழுதி, ஆசிரியர் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கிழித்துப் போட்ட தாள்களால் அவள் குப்பைக்கூடை பிதுங்கும்.

"ஏன் கண்ணு, இவ்ளோ குப்பையா? என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்பேன்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பெரில். ஒரு கூடையில அடங்குமா?" என்பாள்.

இரண்டாம் வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் அம்மா இறந்துபோனார். ஜனவரியில் திரும்பி வந்தவளிடம், "கேட்டதும் மனசே ஆறல கண்ணு" என்றேன். தலையாட்டினாள். அதற்குமேல் நானும் பேசவில்லை. அந்தப் பருவம் கூடை காலியாகவே இருந்தது. பிள்ளைக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வேலை குறைந்ததென்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை காலை போனால், கட்டில்மேல் கட்டிவைத்த பெட்டி.

"எங்க கிளம்பிட்ட?"

"ஊருக்கு. கொட்டகையில அம்மா இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"உங்க வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"நான் யார்கிட்டயும் போகவே இல்ல. ஏன் வரலன்னு யாராவது ஒருத்தர் கேப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஆறு வாரமாச்சு."

எனக்கு வந்ததே கோபம். கையில் துடைப்பத்தோடு கிரவுதர் அறைக்குப் போனேன்.

"ஜேனிஸா? இந்தப் பருவம் அவ லைல்கிட்டல்ல இருக்கா?" என்றார்.

அவரையும் கூட்டிக்கொண்டு லைல் அறைக்குப் போனால், "இது கிரவுதரோட முறையாச்சே?" என்றார்.

"நல்லா இருக்கு நியாயம். அம்மாவைப் பறிகொடுத்த புள்ளைய ஆளுக்கொரு பக்கம் தள்ளிட்டு இங்க டீ குடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

இருவர் முகமும் வெளுத்துவிட்டது. என் பின்னாலேயே மாடியேறி வந்தார்கள். கிரவுதர் வாசலில் நின்று, "தப்பு எங்க மேலதான்மா" என்றார். பிறகு, "உங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டார்.

"டோரீன்" என்றாள். அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள்.

மிச்ச வாரங்களில் இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டுரை எழுதினாள். ஏதென்ஸ் கல்லறைக் கற்களிலும் கிரிம்ஸ்பி கல்லறைக் கற்களிலும் பெண்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது பற்றி. இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்தக் கட்டுரையெல்லாம் பிறகு நடந்தது. அவள் அழுத மறுநாள் காலை எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ரெண்டு பேரையும் எப்படிப் பிடிச்சேன்?" என்றேன்.

ஜேனிஸ் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவங்க வாரத்துக்கு ஒரு தடவ பாக்க வேண்டியவங்க. நீங்க தினமும் வந்தீங்க பெரில்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு கிரிம்ஸ்பிக்கே போய்ப் பள்ளி ஆசிரியை ஆனாள். நான் ஓய்வு பெறும்வரை, எந்தப் பிள்ளையின் அறையில் காலிக் கூடையைப் பார்த்தாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, "வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்பேன்.