பேசாத மூன்று நிமிடம்

திரைப்பட வசனகர்த்தா என்பவர், எழுதிய வசனத்தைப் பறிகொடுத்துவிட்டு, எழுதாத வசனத்துக்குத் திட்டு வாங்குகிறவர். இதே தொழிலில் இருக்கும் சகபாவிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

இருபது வருஷமாகப் பம்பாயில் உட்கார்ந்துகொண்டு இந்தி விளம்பரங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். சோப்பு, சாம்பார் பொடி, கொசுவர்த்தி. சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் ஒரு முழுப் படம் வந்தது. இயக்குநர் நவீன் ஆண்டாப் ஹில்லில் வளர்ந்தவன், இருபத்தெட்டு வயது. மாட்டுங்கா பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஐந்து நண்பர்களின் கதை. அவர்களில் ஒரு பையனுக்கு ஒரு பெண்மேல் பிரியம், சொல்லவில்லை. அவள் குடும்பம் கோயம்புத்தூருக்குப் போகிறது. கடைசிக் காட்சியில் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் இருவரும் நிற்கிறார்கள், அவள் இறங்கிப் போய் வண்டி ஏறுகிறாள். அப்போதும் அவன் சொல்லவில்லை. அந்த மூன்று நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. நவீன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கையெழுத்தை அல்லவா நான் வாங்கியிருக்க வேண்டும்.

காலிப் பக்கங்கள்

தயாரிப்பாளர் சாகுல் பாய்க்குத் தாராவியில் தோல் பை பட்டறை. நவீனின் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர் என்பதற்காகப் படமெடுக்க இறங்கியவர். நான் கொடுத்த வசனத் தாள்களில் கடைசி மூன்று பக்கங்களும் வெள்ளைத்தாள், நிமிடத்துக்கு ஒன்று. பக்க எண் மட்டும் போட்டிருந்தேன். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

அது மௌனம் என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தாமல், தமிழ் மரபில் காதலைப் பட்டென்று போட்டு உடைக்கிறவனுக்கு மதிப்புக் குறைவு என்பதை அரைமணி நேரம் மேற்கோள்களோடு விளக்கினேன். கேட்கிற பொறுமை அவரிடம் இருந்தது. கடைசியில் மேஜைமேல் கிடந்த ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஜிப்பு வைக்காம பையை அனுப்பிட்டு, இது மௌனம்னு சொன்னா பார்ட்டி எடுத்துக்கிடுவானா, சார்?"

ஒத்திகை

ஐந்து பிள்ளைகளையும் நவீன் ஒரே வகுப்பிலிருந்து பிடித்து வந்தான். நிஜ சிநேகிதர்களாக இருந்தால் நட்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பது அவன் கணக்கு. ஆனால் கதையில் வைத்த பெயர்கள் அவர்கள் வாயில் வரவில்லை. பாதி வசனத்தில் நிஜப் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சரி, நிஜப் பெயரே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அப்படித்தான் அந்தச் சொல்லாத பையனாக நடித்த தாராவி இசக்கி படத்திலும் இசக்கி ஆனான். அந்தப் பெண்ணாக நடித்த செம்பூர் மீரா மீராவே ஆனாள். எட்டு வருஷமாக ஒரே வகுப்பில் அடித்துப் பிடித்து வளர்ந்தவர்கள். அவன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து மீனை எடுத்து அவள் தின்பாள், அவள் வீட்டில் தெரியாது. அவள் அவனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பாள், அவனுக்கு அது ஏறாது.

ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது. வசனம் முழுவதையும் இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கடைசிக் காட்சிக்கு எழுத ஒன்றுமில்லாததால் அதைப் பற்றி உரையாற்றினேன். பார்வை, பெருமூச்சு, சொல்லாமல் விட்ட சொல்லின் எடை. இசக்கி கையைத் தூக்கினான். "அங்கிள், லாஸ்ட் சீன்ல எனக்கு டயலாக்கே இல்லேல்லா? பின்ன எதுக்கு என்னைய ரிகர்சலுக்கு வரச் சொன்னீய?"

முதுகு

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்தில் கூட்டம் சேர்வதற்குள் எடுத்துவிட வேண்டும். மீரா நன்றாகச் செய்தாள். இசக்கியின் முகமும் நன்றாகத்தான் இருந்தது, உதடுகளைத் தவிர. அவை முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. மூன்று நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும் என்று நவீன் சொல்லியிருந்ததால், பையன் நூற்றெண்பது வரை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணாதே என்றால் எண்ணாமல் இருக்க முயற்சி செய்வது முகத்தில் தெரிந்தது.

ஏழு டேக் போயிற்று. அப்போது எனக்கு அந்த யோசனை உதித்தது. முகம் எதற்கு? கேமராவை அவனுக்குப் பின்னால் வை, முதுகு மட்டும் தெரியட்டும், அதற்கு அப்பால் அவள் படி இறங்கிப் போகட்டும். சொல்லாத காதலுக்கு முதுகைவிடச் சிறந்த முகம் கிடையாது என்றேன். நவீன் என்னைக் கட்டிக்கொண்டான். என் வாழ்க்கையில் சினிமாவுக்கு நான் செய்த ஒரே சேவை என்று அன்றைக்கு நினைத்தேன். பாலத்தின் ஓரத்தில் கதம்பம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை நகர்த்தியபடியே கேட்டாள்: "அந்தப் பிள்ளைக்கு என்னவாம், மூஞ்சியே காட்டமாட்டேங்கான்? வீட்டுல ஏசிட்டாங்களோ?"

சவுண்ட்

படம் ஒரு வருஷம் தூங்கியது. பிறகு ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. முதல் அரை நிமிடம் சரி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சவுண்ட்!" அடுத்த வரிசையும் சேர்ந்துகொண்டது. ஒருவர் எழுந்து போய் ஸ்பீக்கர் வயரை ஆட்டினார். நான் நாற்காலிமேல் ஏறி, சவுண்ட் இருக்கிறது, அதுதான் சவுண்ட் என்று கத்தினேன். அந்த மூன்று நிமிடத்தில் பேசிய ஒரே ஆள் நான்தான்.

புரொஜெக்டர்க்காரர் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, மைக்கைப் பிடித்தார். "ஆடியோ போயிடுச்சு, பெரியவங்க மன்னிக்கணும், அதுவரைக்கும் டீ குடிங்க."

டப்பிங்

அந்தக் காட்சியில் ஏதாவது பேச வையுங்கள் என்று சாகுல் பாய் சொல்லிவிட்டார். நான் பதறவில்லை. எடுத்து முடித்த படத்தில் மூடிய வாயை யார் திறக்க முடியும்? ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் இதை நிதானமாக எடுத்துச் சொன்னேன். என்ஜினியர் திரையைக் காட்டினார். அங்கே என் மகத்தான முதுகு நின்றுகொண்டிருந்தது. வாய் தெரிந்தால்தானே சார் பிரச்சினை, முதுகை என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்றார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. இசக்கிக்கு இந்த ஒரு வருஷத்தில் மீசை அரும்பி, குரல் உடைந்து, படத்தின் குரலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லாமல் போயிருந்தது. பையன் குரல் பேசுவதற்கென்றே இருக்கும் வத்சலா மாமியைச் செம்பூரிலிருந்து வரவழைத்தார்கள். மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்ன பேசட்டும் என்று என்னைப் பார்த்தார். எழுத மாட்டேன் என்றேன். அப்படியானால் ஐ லவ் யூ என்று நாலு தடவை சொல்லிவிடலாம் என்றார் என்ஜினியர்.

உட்கார்ந்தேன். இருப்பதற்குள் குறைந்த கெடுதலைத் தேடிப் பதினோரு தாள் கிழித்தேன். 'மீரா, ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுப் போ. இல்லேன்னா நான் தினம் இந்தப் பாலத்துலயே நிப்பேன்.' கெடுதலின் அளவை நான் சரியாக எடை போடவில்லை. மாமி ஒரே டேக்கில் பேசினார். கூடத்தில் எல்லார் கண்ணும் கலங்கியது, வெட்கக்கேடு, என்னுடையதும். மாமி ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவ்ளோ நன்னா எழுதத் தெரியறது, மொதல்லயே எழுதியிருக்கப்படாதோ?"

வெளியான பிறகு

படம் போனில் பார்க்கும் படமாக வெளியாயிற்று. முழுப் படத்தை யார் பார்த்தார்களோ தெரியாது. அந்த ஒரு துண்டை ஊரே பார்த்தது. இளைஞர்கள் அதை வெட்டி எடுத்துத் தங்கள் காதலிகளுக்கு அனுப்பினார்கள். குர்லாவில் ஒரு ரிக்ஷாவின் பின்புறத்தில் என் வரியை எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

ஒருநாள் இசக்கி என் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவனை இசக்கி என்று கூப்பிடுவதில்லையாம். "ஏலே, பாலத்துல நிக்கலியா?" என்றுதான் கேட்கிறார்களாம். மீரா போகிற இடமெல்லாம், "திரும்பிப் பாரு, திரும்பிப் பாரு" என்கிறார்களாம். பெயர், முதுகு, பாலம் எல்லாம் நிஜம். வரி மட்டும் பொய் என்று யாருக்குத் தெரியும்? அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து வகுப்புப் பிரிவை மாற்றச் சொல்லிவிட்டாள். மீராவும் இப்போது வேறு வாசல் வழியாகப் போகிறாள்.

அந்தக் குரல் உன்னுடையது இல்லை என்று நான் அவளிடம் வந்து சொல்லட்டுமா என்றேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. இந்த முறை உதடுகள் அசையவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி ஒரு கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. புதுக் குரலில், இன்னும் பழகாத அந்தக் கட்டைக் குரலில், அவன்தான் சொன்னான்: "வேண்டாம் அங்கிள். நான் சொல்லவே இல்லன்னு அவகிட்ட போய்ச் சொன்னா, அதுவும் ஒரு மாதிரில்லா இருக்கும்."

ஆக, நண்பர்களே, இருபது வருஷத் தொழிலில் நான் எழுதிய வரிகளில் ஒன்றே ஒன்றுதான் யாருடைய வாழ்க்கையையாவது மாற்றியிருக்கிறது. அதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் நான் அந்த வேலைக்கே ஒப்புக்கொண்டேன்.